மைனஸ் 40ல உச்சா போக வைக்கிறது

குளிர்காலத்துல நாய்க்குட்டி எடுக்காதீங்க, ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கோங்கன்னு கனடாவுல நாங்க இருக்கற எட்மண்டன்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சரியான பேச்சுதான். ஆனா தாய் நாய் நம்ம காலண்டரைப் பாத்தா குட்டி போடுது, அக்டோபர்ல பொறந்தது டிசம்பர்லதான் கைக்கு வரும், அப்ப வேண்டாம்னு சொன்னா வேற யாராவது தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்படித்தான் 2023 டிசம்பர்ல எங்க வீட்டுக்கு ஒரு டாஷ்ஹவுண்ட் பொண்ணு வந்து சேந்துச்சு. ரெண்டு மாசக் குட்டி, கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல ரெண்டு பழுப்புப் பொட்டு, உடம்பு பூரா முதுகுதான், கால்னு சொல்லிக்க பெருசா ஒண்ணும் கிடையாது. எங்க பொண்ணு பாத்த உடனே புடலைன்னு பேர் வச்சுட்டா. கிளினிக்ல அந்தப் பேரை ஃபைல்ல ஏத்த வைக்கறதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிருச்சு.

இந்தப் போஸ்ட்ல புடலையோட அழகு, சேட்டை, அது தின்ன செருப்பு எதுவும் வராது. வெளிய போய் உச்சா கக்கா போக எப்படி பழக்குனோம்னு மட்டும்தான் எழுதப்போறேன், ஏன்னா கனடா வந்த ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேர் குட்டி எடுத்துட்டு இதையேதான் கேக்கறாங்க.

நெட்ல தேடுனா எல்லாரும் சொல்றது ஒரே விஷயம். குட்டியை வெளிய கூட்டிட்டுப் போங்க, ஒரே இடத்துல நில்லுங்க, அது போற வரைக்கும் பொறுமையா காத்திருங்க, பதினஞ்சு இருபது நிமிஷம் ஆனாலும் பரவால்ல. இதை எழுதுனவங்க எல்லாம் கலிஃபோர்னியாவுல ஷார்ட்ஸ் போட்டுட்டு உக்காந்து எழுதிருக்காங்கன்னு நினைக்கறேன். இங்க வானிலை சொல்ற அரசுத் துறை என்விரான்மென்ட் கனடா குடுக்கற கணக்கு என்னன்னா, காத்தோட சேத்து மைனஸ் 28ல இருந்து மைனஸ் 39 வரைக்கும் போனா மூடாத தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறையலாம், மைனஸ் 40ஐத் தொட்டுட்டா 5ல இருந்து 10 நிமிஷமே போதும். இது ஜாக்கெட் போட்ட பெரிய மனுஷனோட மூஞ்சிக்கு சொன்ன கணக்கு. ரெண்டு கிலோ கூட தேறாத குட்டி, வயித்துக்கும் தரைக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி, வயித்துல முடியும் கிடையாது, அது இருபது நிமிஷம் நிக்குமா?

நிக்கறதை விடுங்க, நின்னாலும் போகாது. அதுதான் முக்கியமான விஷயம். சின்ன உடம்புல சூடு சீக்கிரம் இறங்கிரும், குளிர் ஏறுனா குட்டி உடம்பைச் சுருக்கி நடுங்கிட்டே நிக்கும், ஒரு காலைத் தூக்கும், அடுத்த காலைத் தூக்கும், நம்ம மூஞ்சியைப் பாக்கும், கதவைப் பாக்கும். உச்சா போறதுக்கு உடம்பு கொஞ்சம் தளரணும்ல, அது நடக்காது. அப்புறம் நமக்கே பாவமா போய் உள்ள கூட்டிட்டு வருவோம், ஹீட்டர் சூடு பட்ட உடனே உடம்பு தளரும், ஹால் கார்ப்பெட்ல நடுவுல உக்காந்து நிம்மதியா போயிரும். உடனே வீட்ல இருக்கறவங்க என்ன சொல்லுவாங்க, "பாத்தியா வேணும்னே பண்ணுது, நம்மள பழிவாங்குது." எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். மூணு மாசக் குட்டிக்குப் பழிவாங்கற அளவுக்கு மூளை இருந்தா அது ஏன் என்கிட்ட சோத்துக்கு நிக்குதுன்னு கேட்டேன், பதில் வரல.

அதனால குளிர் ஊர்ல நின்னு காத்திருக்கறது பயிற்சியே இல்ல. வெளிய மூணு நாலு நிமிஷம், அவ்வளவுதான். போகலையா, தூக்கு, உள்ள வா. ஆனா உள்ள வந்த உடனே தரையில விடக்கூடாது, இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடறாங்க. மடியில வச்சுக்கலாம், ஜாக்கெட் ஜிப்பை பாதி திறந்து உள்ள செருகிக்கலாம், இல்ல கிரேட்டுக்குள்ள விடலாம், பத்து நிமிஷம் சூடு ஏறட்டும், மறுபடி வெளிய. மறுபடி போகலையா, மறுபடி மடி. பெரும்பாலும் ரெண்டாவது தடவையிலயே வேலை முடிஞ்சிரும், ஏன்னா வயிறு நிறைஞ்சுதான் இருக்கு, மடியிலயும் கிரேட்லயும் போறதுக்கு அதுக்கும் மனசு வராது. கிரேட்னு சொன்னதும் கூண்டுல அடைக்கறதான்னு கோச்சுக்காதீங்க, நாய் தான் படுக்கற இடத்தை அசிங்கம் பண்ணாது, அந்தக் குணத்தைத்தான் நாம பயன்படுத்திக்கறோம். ஆனா கிரேட் பெருசா இருந்தா ஒரு மூலையில போயிட்டு இன்னொரு மூலையில படுத்துக்கும், எழுந்து திரும்பிப் படுக்கற அளவு இருந்தா போதும்.

எங்க கேஸ்ல ஒரு தனி சிக்கல் இருந்துச்சு. அந்த 2023 டிசம்பர் எட்மண்டனுக்கே விசித்திரமான டிசம்பர். எல் நினோ வருஷம் (பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடாகி ஊர் ஊரா வானிலையை மாத்தற வருஷம்), பனி ஏறக்குறைய இல்லவே இல்ல, கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழுப்புப் புல்லு பளிச்சுன்னு தெரியுது. புடலை வந்த புதுசுல பேக்யார்ட்ல புல்லுமேலதான் பழகுச்சு, நல்லாவும் பழகுச்சு, தூங்கி எந்திரிச்சா வெளிய, சாப்ட்டா வெளிய, விளையாடி முடிச்சா வெளிய. (பேக்யார்ட் மட்டும்தான், பார்க்குக்கோ ரோட்டுக்கோ கொண்டு போகல, தடுப்பூசி எல்லாம் முடியற வரைக்கும் மத்த நாய் போன இடத்துல விடக்கூடாது. குளிர்ல கிருமி செத்துரும்னு சிலர் நினைக்கறாங்க, குட்டிங்களைக் கொல்ற பார்வோ வைரஸ் உறைபனில சாகாது, ஃப்ரீசர்ல வச்ச மாதிரி அப்படியே கிடக்கும்.) நாங்களும் ஆஹா கெட்டிக்காரக் குட்டின்னு ஊருக்கெல்லாம் வாட்சப் பண்ணிட்டோம்.

ஜனவரி ரெண்டாவது வாரம் பனியும் வந்துச்சு, குளிரும் வந்துச்சு, ஒண்ணா வந்துச்சு. மைனஸ் 40க்கும் கீழ. அந்தக் குளிர்ல செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு கேக்கவே வேண்டாம், மைனஸ் 40ல ரெண்டும் ஒண்ணுதான். கதவைத் திறந்தா மூக்குக்குள்ள முடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. 13ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சு, எங்க மாகாணம் ஆல்பர்ட்டா முழுக்க கரண்ட் பத்தல, தேவையில்லாத லைட்டை எல்லாம் அணைங்கன்னு எமர்ஜென்சி அலர்ட். மூணு போன் ஒரே ரூம்ல அலறுனா குட்டி என்ன செய்யும், இருந்த இடத்துலயே போயிருச்சு. அதை நான் கணக்குல சேக்கல.

ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு நாளாவே கார்ப்பெட்லதான் போயிட்டிருந்துச்சு. குளிர் மட்டும் காரணம் இல்ல, இதை யோசிச்சுப் பாத்தாதான் புரியும். குட்டிகளுக்கு எங்க போகணுங்கறதை விட எதுமேல போகணுங்கறதுதான் முதல்ல பதியும், காலுக்கடியில என்ன படுதோ அதுதான் கக்கூஸுக்கு அடையாளம், கூடவே பழைய வாசனை. இது புல்லுல பழகுன குட்டி, ஒரே ராத்திரியில புல்லும் காணோம், வாசனையும் காணோம், எல்லாம் வெள்ளை, அதுவும் அதோட கழுத்து உயரத்துக்கு. அது அதோட கண்ணுக்கு புது ஊரு. வீட்டுக்குள்ள பாத்தா, மெத்துனு, இழை இழையா, புல்லு மாதிரியே காலுக்குப் படறது எது? கார்ப்பெட்.

இந்த இடத்துல எங்க பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பத்தி சொல்லணும். எண்பது வயசு இருக்கும், இவங்க தாத்தா காலத்துலயே உக்ரைன்ல இருந்து வந்து இந்தப் பக்கம் விவசாயம் பண்ணுன குடும்பம், நாய் இல்லாம இருந்ததே இல்லையாம். நான் அவங்களைப் பாட்டின்னுதான் கூப்பிடுவேன், அவங்களுக்கும் பழகிப்போச்சு. நான் புடலையைத் தூக்கிட்டு பனிக்குள்ள தத்தளிக்கறதை கிச்சன் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, அடுத்த நாள் காலைல பேரனை அனுப்பி ஒரு கட்டு வைக்கோல் குடுத்துவிட்டாங்க. போன்ல ரெண்டே வரி, "பனியைத் தள்ளிட்டு இதைப் பரப்பு, அதுமேல நிக்க வை."

வைக்கோல்! நம்ம ஊர் நெல்லு வைக்கோல் இல்ல, கோதுமையா பார்லியான்னு தெரியல, ஆனா வாசனை அதேதான், அம்மாகிட்ட வீடியோ கால்ல காமிச்சா, "ஏன்டி, அவ்வளவு தூரம் படிச்சு அங்க போய் நாய்க்கு வைக்கோல் பரப்பிட்டு இருக்கியா, நம்ம வீட்டு நாயை எல்லாம் யாரு பழக்குனா, அது பாட்டுக்கு வயக்காட்டுக்குப் போயிட்டு வரும்"னு சிரிப்பு. அம்மாவுக்கு என்ன, மேலூர்ல கதவு எப்பவும் திறந்தேதான் கிடக்கும்.

பாட்டி சொன்னபடியே செஞ்சோம். வீட்டுக்காரர் பின்கதவுல இருந்து வேலி ஓரம் வரைக்கும் ஒரு பாதை வெட்டுனார், கடைசில ஒரு கட்டில் அகலத்துக்கு பனியைச் சுரண்டி புல்லு கண்ணுக்குத் தெரியற வரைக்கும் எடுத்துட்டு, அதுமேல வைக்கோலைப் பரப்பிட்டோம். வேலியோரமா வச்சதால காத்தும் அடிக்காது. அப்புறம் ஒரு வேலை செஞ்சேன், அருவருப்பா இருந்தா இந்த வரியைத் தாண்டிருங்க, கார்ப்பெட்ல போனதைத் துடைச்ச டிஷ்யூவைத் தூக்கிப் போடாம அந்த வைக்கோல் நடுவுல கொண்டு போய் வச்சேன். புடலையை இறக்கிவிட்டதும் மூக்கு தரையோட ஒட்டிக்கிச்சு, வைக்கோல் சரசரன்னு சத்தம், ஒரு சுத்து, ரெண்டு சுத்து, டிஷ்யூ மேல மூக்கு நின்னுச்சு, பின்னங்காலை மடிச்சு உக்காந்துச்சு. புகையா ஆவி பறக்குது. நான் அந்தக் குளிர்ல தனியா நின்னு கை தட்டுனேன்.

வைக்கோல்ல ரெண்டு லாபம். ஒண்ணு கால் நேரா ஐஸ்ல படாது. நாயோட பாதத்துக்குள்ள ரத்தக்குழாய் அமைப்பே ஒரு மாதிரி, சூடான ரத்தம் இறங்கற குழாயும் குளிர்ந்த ரத்தம் ஏறற குழாயும் ஒட்டி ஒட்டிப் போகும், இறங்கறது ஏறறதைச் சூடாக்கி அனுப்பும், அதனாலதான் நாய் பனில வெறும் காலோட நடக்குது. ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு, மைனஸ் 30ல குட்டி மூணு கால்ல நொண்ட ஆரம்பிச்சா பேசாம தூக்கிட்டு உள்ள ஓடிரணும். இன்னொரு லாபம்தான் பெருசு, அடையாளம் மாறாது. மேல புதுப் பனி விழுந்தா பழசோட வாசனை மறைஞ்சிரும், வைக்கோலா இருந்தா உதறிப் போட்டு மேல ஒரு கைப்பிடி புதுசு தூவுனா போதும், அதே சத்தம், அதே தொடுதல், குட்டிக்கு கக்கூஸ் இடம் மாறவே இல்ல. ஒண்ணு மட்டும் கவனம், வைக்கோல் வேற மாட்டுக்குப் போடற காஞ்ச புல்லு வேற, அந்தப் புல்லு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், வைக்கோல்தான் காஞ்சு கிடக்கும்.

மைனஸ் 40 நாட்களுக்கு? அந்த நாலஞ்சு நாள் நான் வெளிய கொண்டு போகவே இல்ல, இதுல வீரம் காட்டி ஒண்ணும் ஆகப்போறது இல்ல. வீட்டோட ஒட்டுன கராஜ்ல, ஷூ வைக்கற பெரிய பிளாஸ்டிக் ட்ரேல அதே வைக்கோலைப் பரப்பி வச்சோம். கராஜும் ஜில்லுன்னுதான் இருக்கும், ஆனா காத்து கிடையாது. கடைல விக்கற பீ பேட் (உச்சாவை உறிஞ்சிக்கற விரிப்பு) வாங்கி ஹால்ல விரிச்சுக்கலாமேன்னு வீட்டுக்காரர் கேட்டார், நான் ஒத்துக்கல. அப்பார்ட்மென்ட்ல பதினஞ்சாவது மாடில இருக்கறவங்களுக்கு வேற வழி இல்ல, அவங்க செய்யட்டும், நமக்கு எதுக்கு. மெத்துனு சதுரமா தரையில எது கிடந்தாலும் போகலாம்னு ஒரு தடவை பதிஞ்சா கதவுகிட்ட கிடக்கற மேட், பாத்ரூம் மேட், சாமி ரூம்ல நான் உக்காரற விரிப்பு எல்லாமே கக்கூஸ்தான். கராஜ்ல ஒரே ஒரு பயம், கார் சாமான். ரேடியேட்டர்ல ஊத்தற ஆன்டிஃப்ரீஸ் இனிப்பா இருக்கும், அதுல இருக்கற எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் நக்குனாலும் கிட்னியைக் காலி பண்ணிரும், கண்ணாடி கழுவற வாஷர் திரவத்துல மெத்தனால். எல்லாத்தையும் மேல் ஷெல்ஃபுக்கு ஏத்திட்டு தரையைக் கழுவுன பிறகுதான் ட்ரேயை வச்சோம்.

அப்புறம் நம்ம டிரெஸ் விஷயம். சிரிக்காதீங்க, பாதி தோல்வி இங்கதான். குட்டி மூக்கால தரையை மோந்துட்டு சுத்த ஆரம்பிச்சா நமக்கு இருக்கறது அரை நிமிஷம். அதுக்குள்ள தெர்மல், சாக்ஸ், ஸ்நோ பேன்ட், ஜாக்கெட், குல்லா, கிளவுஸ் போட்டு முடிக்கணும்னா அது கதவுகிட்டயே முடிச்சிரும், நாம முழு யூனிஃபார்ம்ல ஈரத்துல மிதிச்சுட்டு நிப்போம். பின்கதவுகிட்ட ஒரு ஆணி, அதுல வீட்டுக்காரரோட முட்டி வரைக்கும் வர்ற பழைய பார்க்கா (தடிமனான குளிர் கோட்டு), கீழ கால் நுழைச்சா போற பூட்ஸ், பார்க்கா பாக்கெட்ல தலையில மாட்டற டார்ச்சும் ட்ரீட்டும். நைட்டி மேல அதை மாட்டிட்டு ஒரு கையில குட்டியைத் தூக்கிட்டு வெளிய, மூணு நிமிஷத்துக்கு அது தாராளம். தூக்கிட்டுத்தான் போகணும், நடக்கவிட்டா வழியிலயே உக்காந்துரும், கையில இருக்கறப்ப அடக்கிக்கும். டார்ச் ஏன்னா இங்க டிசம்பர் கடைசில சூரியன் காலைல 8:50 வாக்குல எந்திரிச்சு சாயங்காலம் 4:15க்கெல்லாம் போயிரும், நீங்க பாக்கற உச்சா பெரும்பாலும் இருட்டுலதான்.

குட்டிக்கும் ஸ்வெட்டர் வாங்குனோம். கடைல இருக்கறது எல்லாம் போட்டோவுக்கு நல்லா இருக்கும், அடிவயிறு முழுக்க மூடியிருக்கும், உக்காந்த உடனே துணி நனையும், நனைஞ்ச துணி மைனஸ் 20ல என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஆணோ பொண்ணோ சின்ன வயசுல ரெண்டும் உக்காந்துதான் போகும், அதனால பொண்ணு குட்டிக்கு பின்பக்கமும் ஆணுக்கு வயித்துப் பக்கமும் நல்லா வெட்டி விட்டிருக்கற மாதிரி பாத்து எடுங்க. நெஞ்சு மூடியிருந்தா போதும். பூட்ஸ் நாலு வாங்குனோம், மூணு பனில தொலைஞ்சு ஏப்ரல்ல கிடைச்சுது, அது தனிக்கதை.

ட்ரீட்டை எங்க குடுக்கறீங்கங்கறது ரொம்ப முக்கியம். உள்ள வந்து ஜாக்கெட்டைக் கழட்டி டப்பாவைத் திறந்து "குட் கேர்ள்"னு குடுத்தா, அது உள்ள ஓடி வந்ததுக்குத்தான் பரிசுன்னு நினைச்சுக்கும், அடுத்த தடவை வெளிய போன உடனே உள்ள ஓடி வர நிக்கும். உக்காந்து எந்திரிச்ச அதே நொடி, அதே வைக்கோல் மேல, வாயில போடணும். எங்க வீட்ல வேகவச்ச சிக்கன், கடுகளவு துண்டு. வெளிய போற வரைக்கும் கிளவுஸுக்குள்ள வச்சுக்கணும், இல்லன்னா கல்லு. உக்காந்திருக்கும்போது மெதுவா "உச்சா போ, உச்சா போ"ன்னு சொல்லிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல அந்த வார்த்தையைக் கேட்டாலே உக்காரும். ரொம்ப சந்தோஷமா சத்தம் போட்டுறாதீங்க, பாதில நிறுத்திட்டு நம்மளப் பாக்க வந்துரும், மீதி உள்ள வந்து.

அந்த மீதி விஷயத்துல இன்னொண்ணு. குளிர்ல நாம அவசரப்படறோம், உச்சா போயிருச்சா சரி கிளம்புன்னு தூக்கிட்டு வந்துடறோம். காலைல எந்திரிச்சதும், சாப்ட்டு பத்து இருபது நிமிஷம் கழிச்சும் குட்டிக்கு ரெண்டு வேலை இருக்கும். முதல் வேலை முடிஞ்ச உடனே உள்ள வந்தா ரெண்டாவது வேலை சோபாவுக்குப் பின்னாடி. அந்த ரெண்டு நேரத்துக்கு மட்டும் உச்சா முடிஞ்ச பிறகு பாதைல அங்கயும் இங்கயும் ஓடவிடுங்க, ஓடுனாத்தான் வயிறு அசையும், உடம்பும் சூடாகும். புடலைக்கு அந்தப் பாதை ரெண்டு பக்கமும் வெள்ளைச் சுவரு, அதுக்குள்ள ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு பறக்கும். அந்தக் காலத்துல ஜெர்மனில பேட்ஜர் வளைக்குள்ள புகுந்து வேட்டையாட வளத்த ஜாதி, குழி குடையறது ரத்தத்துலயே இருக்கு, ஒரு நாள் சுவத்துல ஓட்டை போட்டு உள்ள போயிருச்சு, வால் மட்டும் வெளிய ஆடுது, நானும் பொண்ணும் வாலைப் பாத்து சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி, அது இமையிலயே உறைஞ்சுது.

ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கணும்னு எல்லாரும் கேக்கறாங்க. பொதுவா சொல்ற கணக்கு, குட்டிக்கு எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கோங்க, ரெண்டு மாசக் குட்டி தூக்கத்துல மூணு மணி நேரம் தாங்கும். அது உச்ச அளவு, முழிச்சிருக்கறப்ப அவ்வளவு எல்லாம் தாங்காது, பகல்ல அரை மணி முக்கால் மணிக்கு ஒரு தடவை கொண்டு போறதுதான் நல்லது. மூணு நாலு மாசம் ஆகும்போதுதான் அடக்கற தசையே உருப்படியா வேலை செய்ய ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி திட்டி ஒண்ணும் ஆகாது. சிலர் தண்ணியைக் குறைச்சுடறாங்க, அது கூடாது, குளிர்காலத்துல ஹீட்டர் ஓடி ஓடி வீடே வறண்டு கிடக்கும், படுக்கறதுக்கு முன்னாடி கடைசி ஒரு மணி நேரம் மட்டும் கிண்ணத்தை எடுத்து வச்சா போதும். நாங்க முறை போட்டுக்கிட்டோம். "நேத்து நான் போனேன், இன்னிக்கு நீ"ங்கறது எங்க கல்யாண வாழ்க்கைல அதிகமா பேசுன வசனம் அந்த ஜனவரிலதான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா போகுது, முக்குது, சிவப்பா தெரியுதுன்னா அது பயிற்சி விஷயமே இல்ல, டாக்டர்கிட்ட காட்டிருங்க.

உள்ள போயிருச்சுன்னா மூக்கை அதுல தேய்க்கறது, பேப்பரைச் சுருட்டி அடிக்கறது எல்லாம் எங்க தாத்தா காலத்து வைத்தியம். அதுல குட்டி கத்துக்கறது ஒண்ணே ஒண்ணு, இவங்க கண்ணு முன்னாடி போகக்கூடாது. அப்புறம் வெளிய நாம பக்கத்துல நிக்கும்போதும் போகாது, டைனிங் டேபிளுக்கு அடியில ஒளிஞ்சு போகும், வேலை ரெண்டு மடங்கு. போயிட்டு இருக்கும்போதே பாத்தா "அய்யய்யோ"ன்னு லேசா சொல்லித் தூக்கிட்டு வெளிய போங்க, முடிஞ்ச பிறகு பாத்தா வாயை மூடிட்டு துடைங்க. துடைக்கறதுக்கு என்சைம் கிளீனர்னு தனியா விக்குது, அதுதான் வேணும். அம்மோனியா இருக்கற கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது நாய் மூக்குக்கு உச்சா வாசனைதான், வாங்க வாங்கன்னு போர்டு வச்ச மாதிரி ஆயிரும். கார்ப்பெட்டுக்கு மேல தெரியற ஈரத்தை விட அடியில இருக்கற மெத்தைல இறங்குனது அதிகம், அதனால அது வரைக்கும் இறங்கற மாதிரி நிறைய ஊத்தி தானா காயவிடணும்.

மைனஸ் 5, மைனஸ் 10 மாதிரி "நல்ல" நாள்ல வேற தொல்லை, நடைபாதைல உப்பு. அது விரலிடுக்குல போய் எரியும், குட்டி நக்கும், நக்குனா வாந்தி. மைனஸ் 25, 30ல சாதா உப்பு வேலையே செய்யாது, அப்ப மணலும் பொடிக்கல்லும்தான். இங்க சிட்டியே அங்கங்க பெட்டி வச்சு இலவசமா மணல் குடுக்குது, எங்க வாசல் படிக்கு நாங்க அதைத்தான் போடறோம். வெளிய போயிட்டு வந்தா ஒரு கிண்ணத்துல வெதுவெதுன்னு தண்ணி, நாலு காலையும் முக்கி எடுத்து துண்டால ஒத்திரணும், விரலுக்கு நடுவுல பனி உருண்டை உருண்டையா ஒட்டியிருக்கும், பிச்சு எடுக்காதீங்க வலிக்கும், தண்ணில கரையவிடுங்க.

பிப்ரவரி பாதில புடலை ஏறக்குறைய தேறிருச்சு. மார்ச்ல வெயில் வந்ததும் பனி இளகுச்சு, ராத்திரி உறைஞ்சு பகல்ல சொதசொதன்னு ஆச்சு, வைக்கோலுக்கு அடியில இருந்த அதே புல்லு எட்டிப் பாத்துச்சு, அதனால புல்லுக்கு மாத்தறதுக்குன்னு தனியா எதுவும் செய்யல, வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சோம், அவ்வளவுதான். முழுக்க பனிமேலயே பழகுன குட்டிங்க ஏப்ரல்ல பனியைத் தேடி நிழல்ல கிடக்கற கடைசிக் குவியல் வரைக்கும் ஓடும், பாத்திருக்கேன். குளிர் நாள்ல "நாளைக்கு எடுத்துக்கலாம்"னு வீட்டுக்காரர் விட்ட கக்கா எல்லாம் ஏப்ரல்ல வரிசையா வெளிய வந்துச்சு, அதை அள்ளுனது யாருன்னு இங்க எழுத மாட்டேன், அவரும் இதைப் படிப்பார்.

இப்ப இருக்கற ஒரே பிரச்சனை மணி. வெளிய போகணும்னா சொல்லட்டும்னு பின்கதவு கைப்பிடில ஒரு சின்ன மணியைக் கட்டி, ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியும் அதோட மூக்கால தட்ட வச்சோம். ஒரு வாரத்துல பிடிச்சுக்கிச்சு. அப்புறம் மணி அடிச்சா கதவு திறக்கும், கதவு திறந்தா பனி திங்கலாம்னும் பிடிச்சுக்கிச்சு. பனி தின்னா தண்ணி குடிச்ச கணக்குதான், கால் மணி நேரத்துல மறுபடி உச்சா, அதுக்கு மறுபடி மணி. அதனால மணி அடிச்சா இப்ப ஒரே சட்டம், கயிறு மாட்டி நேரா வேலியோரத்து உச்சா இடத்துக்கு, மூணு நிமிஷம், போனா சிக்கன், போகலைன்னா பனியும் கிடையாது ஒண்ணும் கிடையாது, உள்ள. ராத்திரி பத்து மணிக்கு மேல மணியைக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வச்சுடறோம்.